பழைய லாவா விளக்கைக் குறைந்த செலவில் தூய்மைப்படுத்திச் சீரமைத்தல்: முழுமையான வழிகாட்டி

கண்ணாடிக் குடுவைக்குள் இளகிய மெழுகு மேலும் கீழுமாக மிதந்தாடும் அலங்கார விளக்கே லாவா விளக்கு. பழைய லாவா விளக்கு ஒன்று கைக்கு வந்ததும், உள்ளே நீர் கலங்கியிருப்பதையோ மெழுகு அசையாமல் கிடப்பதையோ கண்டு உடனே அதன் மூடியைத் திறக்க முற்படுவோர் பலர். அதுவே அந்த விளக்கைக் கெடுப்பதற்கான நேர்வழி. இங்கிலாந்தில் ஞாயிறு காலைகளில் கார்களின் பின்பெட்டியைத் திறந்துவைத்துப் பழம்பொருள் விற்கும் திடல் சந்தைகளிலும், சாரிட்டி கடைகளிலும் சில பவுண்டுகள் கொடுத்து நான் வாங்கிய விளக்குகளில் பெரும்பாலானவை மூடி திறக்கப்படாமலேயே பழைய நிலைக்குத் திரும்பின. சரியான பல்பு, அழுக்கு நீங்கிய கண்ணாடி, குளிர் தாக்காத அறை, சில நாள் பொறுமை ஆகியவையே அவற்றுக்குத் தேவைப்பட்டன. முதல் விளக்கை மட்டும், மெழுகு இளகிய நிலையில் அவசரப்பட்டுக் குலுக்கிவிட்டேன். உள்ளிருந்த நீர் பால் போல வெளுத்தது. அது தெளிய மூன்று வாரங்கள் ஆயின. ஆகவே செலவும் ஆபத்தும் குறைந்த வேலைகளை முதலிலும், மூடியைத் திறக்கும் வேலையைக் கடைசியிலும் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

விளக்கு இயங்கும் விதம்

எந்தக் கோளாறு எதனால் வருகிறது என்பதை உணர, விளக்கின் இயக்கத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். குடுவைக்குள் நீரை அடிப்படையாகக் கொண்ட திரவமும், அதில் கரையாத மெழுகுக் கலவையும் இருக்கின்றன. சாதாரண பாரஃபின் மெழுகின் அடர்த்தி ஏறத்தாழ 0.9, அதாவது அது நீரில் மிதக்கும். எனவே மெழுகோடு கனமான வேறொரு பொருளைக் கலந்து, குளிர்ந்த நிலையில் நீரைவிடச் சற்றே கனமாக இருக்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். அடியிலுள்ள பல்பின் சூட்டில் மெழுகு உருகி, நீரைக் காட்டிலும் அதிகமாக விரிவடைகிறது. விரிந்ததால் அதன் அடர்த்தி குறைந்து மேலே எழுகிறது. உச்சியில் சூடு தணிந்ததும் சுருங்கி மீண்டும் கீழே இறங்குகிறது. குடுவையின் அடியில் கிடக்கும் கம்பிச்சுருள் சூட்டைப் பரப்புவதோடு, இறங்கி வரும் மெழுகு உருண்டைகளின் மேற்பரப்பைக் கிழித்து அவற்றை மீண்டும் ஒன்றாகச் சேர்க்கவும் செய்கிறது.

இதிலிருந்து தெளிவாகும் ஓர் உண்மை, செலவைக் குறைக்க விரும்புவோர் அனைவரும் மனத்தில் இருத்த வேண்டியது: இந்த விளக்கில் பல்பு என்பது முதலில் அடுப்பு, அதன் பிறகே ஒளி. மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம் என்று எண்ணி எல்இடி பல்பைப் பொருத்தினால் குடுவை அழகாக ஒளிரும், ஆனால் மெழுகு கல்லாகவே கிடக்கும். "வேலை செய்யவில்லை" என்று சொல்லி மலிவாக விற்கப்படும் விளக்குகளில் இப்படி எல்இடி பல்பு பொருத்தப்பட்டவற்றைப் பலமுறை கண்டிருக்கிறேன். வாங்கும்போதே பல்பைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

வயதையும் பிறப்பிடத்தையும் அறிதல்

இவ்விளக்கை உருவாக்கியவர் எட்வர்ட் கிரேவன் வாக்கர் என்ற ஆங்கிலேயர். மதுக்கடை ஒன்றில், முட்டை வேகும் நேரத்தைக் கணிப்பதற்காக அடுப்பின் மேல் வைக்கப்பட்டிருந்த திரவக் கருவி ஒன்றைக் கண்ட அவர், அதையே அடிப்படையாக வைத்துப் பல ஆண்டுகள் உழைத்து, 1963-ல் 'ஆஸ்ட்ரோ' என்ற விளக்கை வெளியிட்டார். அதைத் தயாரித்தது கிரெஸ்ட்வொர்த் என்ற அவருடைய நிறுவனம். தொழிற்சாலை டார்செட் மாவட்டத்தின் பூல் நகரில் இருந்தது. அந்நிறுவனமே 1992-ல் மேத்மாஸ் என்று பெயர் மாறியது. அமெரிக்காவில் சிகாகோ நகரிலிருந்து 'லாவா லைட்' என்ற பெயரில் இதே வகை விளக்குகள் வெளிவந்தன. எனவே அடித்தளத்தின் கீழே ஒட்டியிருக்கும் சீட்டில் கிரெஸ்ட்வொர்த் என்று இருந்தால் அது 1992-க்கு முற்பட்ட விளக்கு. மேத்மாஸ் என்று இருந்தால் அதற்குப் பிற்பட்டது.

இதைத் தெரிந்துகொள்வது ஆர்வத்துக்காக மட்டுமன்று. 1968-ல் வாக்கருக்கு வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமை ஆவணம், மெழுகைக் கனமாக்குவதற்குக் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற வேதிப்பொருளைக் குறிப்பிடுகிறது. அது கல்லீரலைப் பாதிக்கும் நச்சுப்பொருள். வீட்டு உபயோகப் பொருட்களில் அதைச் சேர்ப்பதை அமெரிக்கா 1970-ல் தடை செய்தது. எனவே 1960-களையோ 1970-களையோ சேர்ந்ததாகத் தோன்றும் குடுவையையும், வயது உறுதியாகத் தெரியாத பழங்குடுவையையும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அவற்றுக்கு இவ்வழிகாட்டியில் மூடியைத் திறக்கும் பகுதிக்கு முன்பு வரை உள்ளவை மட்டுமே பொருந்தும். குடுவைக் கண்ணாடியில் மயிரிழை விரிசல் இருந்தாலும், அடிப்பகுதியில் ஆழமான கீறல் இருந்தாலும், அந்தக் குடுவையைச் சூடாக்கவே கூடாது.

மின் பாகங்கள்

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, குடுவையை நேராகத் தூக்கி எடுத்துத் தனியே வைத்த பிறகே அடித்தளத்தைக் கவிழ்க்க வேண்டும். வயரை அதன் முழு நீளத்துக்கும் விரல்களால் மெல்ல வளைத்துப் பாருங்கள். மேலுறை விறைத்திருந்தாலோ வெடித்திருந்தாலோ வயரை மாற்றியே ஆக வேண்டும். அதன் விலை சில பவுண்டுகள்தான். பல்பு ஹோல்டரின் உள்தகட்டில் கரியோ பச்சை நிறக் களிம்போ படிந்திருந்தால், ஹோல்டரையும் அதே சமயத்தில் மாற்றுவது சிக்கனம். உலோக அடித்தளம் கொண்ட பழைய விளக்குகள் சிலவற்றில் எர்த் இணைப்பு இல்லாமல் இரண்டு கம்பிகள் மட்டுமே செல்லும். அத்தகைய விளக்கில் மூன்று கம்பி வயரைப் போட்டு, எர்த் கம்பியை உலோகத்தோடு இறுக்கமாக இணைக்க வேண்டும். இவ்வேலையில் பழக்கமில்லாதவர்கள் இதை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிட வேண்டும். மொத்தச் சீரமைப்பில் பணம் செலவழிக்கத் தயங்கக் கூடாத ஒரே இடம் இது. பிரிட்டனில் பயன்படுத்துவதானால் பிளக்கில் 3 ஆம்பியர் ஃப்யூஸ் போதும்.

பல்பைப் பொறுத்தவரை, அடித்தளத்துச் சீட்டில் எழுதியிருக்கும் வாட் அளவே முடிவானது. சிறிய விளக்குகளுக்கு 25 அல்லது 30 வாட், நடுத்தர அளவுக்கு 40 வாட், இடுப்பளவுக்கு எட்டும் பெரிய விளக்குகளுக்கு 100 வாட் என்பது பொதுவாகக் காணப்படும் வழக்கம். சீட்டு உதிர்ந்துபோயிருந்தால் குறைந்த வாட்டில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதே பாதுகாப்பு. முகப்பைத் தவிர்த்துப் பக்கங்களில் வெள்ளிப்பூச்சு கொண்ட ரிஃப்ளெக்டர் வகை பல்பு கேட்கப்பட்டிருந்தால் அதையே வாங்குங்கள். சாதாரண உருண்டை பல்பு சூட்டை மேல்நோக்கிச் செலுத்தாமல் அடித்தளத்தின் பக்கங்களை வீணே சூடாக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் விளக்கை 230 வோல்ட் மின்சாரத்தில் இயக்க, மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை.

அடித்தளத்தையும் கண்ணாடியையும் தூய்மைப்படுத்துதல்

பெரும்பாலான அடித்தளங்களும், குடுவையின் உச்சியில் கவிழ்த்திருக்கும் தலைமூடிகளும் அலுமினியத் தகட்டால் ஆனவை. பொன்னிறமாகவோ செம்புநிறமாகவோ தோன்றினாலும், அது பெரும்பாலும் மேலே ஏற்றிய நிறப்பூச்சுதான். நம் வீடுகளில் குத்துவிளக்கையும் பித்தளைக் குடத்தையும் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை, இதையும் அப்படியே தேய்க்கத் துடிக்கும். புளி, எலுமிச்சை, சாம்பல், செங்கல் தூள், கடையில் விற்கும் உலோகப் பாலிஷ் ஆகிய எதுவும் இதற்கு ஆகாது. நிறப்பூச்சு உரிந்து, திட்டுத்திட்டாக வெள்ளை அலுமினியம் தெரிய ஆரம்பித்துவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர மலிவான வழி கிடையாது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, மென்மையான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும். நீர் ஹோல்டருக்குள் இறங்காதவாறு கவனிக்க வேண்டும். ஓரங்களிலும் சிறு துளைகளிலும் படிந்த தூசியைப் பழைய பல் துலக்கும் பிரஷால் எடுக்கலாம். நசுங்கிய இடங்களைத் தட்டி நிமிர்த்த முயல்வது வீண். தகடு மெல்லியது, கிழிந்துவிடும்.

குடுவையின் வெளிப்புறத்தில் பல ஆண்டுச் சமையல் புகையும் சிகரெட் புகையும் சேர்ந்து மஞ்சள் நிறப் படலமாகப் படிந்திருக்கும். திரவம் நிறம் மங்கிவிட்டது என்று நாம் எண்ணுவது சில வேளைகளில் இந்தப் படலத்தைத்தான். குடுவை முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது மட்டும் சோப்பு நீரால் துடைத்து, பிறகு ஈரத்துணியாலும் உலர்ந்த துணியாலும் துடையுங்கள். வெள்ளை உப்புத் திட்டுகளுக்கு வினிகர் நனைத்த துணி போதும். விலைச்சீட்டின் பசை ஒட்டியிருந்தால் சமையல் எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டுத் துடைக்கலாம். சூடாக இருக்கும் குடுவையின் மேல் குளிர்ந்த நீர் பட்டால் கண்ணாடி வெடிக்கக்கூடும் என்பதை வீட்டில் உள்ள அனைவருக்கும் சொல்லி வையுங்கள்.

திறக்காமலே சீராக்குதல்

இப்போது குடுவையை அடித்தளத்தில் பொருத்தி, காற்று வீசாத, நேர் வெயில் படாத, சமதளமான இடத்தில் விளக்கை வையுங்கள். அறையின் வெப்பநிலை 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது சிறந்தது. குளிர்கால இரவில் ஜன்னலோரம் வைக்கப்பட்ட விளக்கில் மெழுகு எழாமல் போவதும், கோடை நண்பகலில் மெழுகு முழுவதும் உச்சியில் போய்ச் சேர்ந்து நிற்பதும் விளக்கின் குறையல்ல, அறையின் குறை. சென்னை போன்ற ஊர்களில் இவ்விளக்கைப் பயன்படுத்துவோர் ஏசி உள்ள அறையிலோ மார்கழி இரவிலோ இயக்கினால்தான் ஒழுங்காக ஓடும்.

நெடுநாள் ஓடாமல் கிடந்த விளக்குக்கு முதல் ஓட்டத்தில் மூன்று நான்கு மணி நேரம் வரை பிடிக்கலாம். முதலில் மெழுகு ஊசி ஊசியாகக் கிளம்பி, கோபுரம் போல நின்று, பிறகு சரிந்து உருகும்; இதைக் கோளாறு என்று கருதி விளக்கை அசைக்கக் கூடாது. எட்டு மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, மறுநாள் வரை முழுமையாகக் குளிரவிட்டு, மீண்டும் ஓட்டுங்கள். இப்படி ஐந்தாறு சுற்றுகள் கடந்த பிறகே விளக்கின் உண்மையான நிலை தெரியும். இந்தப் பொறுமை ஒரு காசும் செலவில்லாத சீரமைப்பு; பாதி விளக்குகளுக்கு இதுவே மருந்து.

எடுத்துவரும் வழியில் குலுங்கியதால் ஏற்பட்ட கலங்கல், இச்சுற்றுகளில் மெல்ல மெல்லப் படிந்து தெளியும். மெழுகு பல சிறு உருண்டைகளாகச் சிதறிக் கிடந்தாலும், சூட்டில் அவை கம்பிச்சுருளைத் தொட்டுத் தொட்டு ஒன்று சேர்ந்துவிடும். சுருள் இடம் மாறி மேலே மாட்டிக்கொண்டிருந்தால், மெழுகு முழுவதும் உருகிய நிலையில் தடித்த துணியால் குடுவையைப் பிடித்து, அடித்தளத்திலிருந்து தூக்காமல், மிக மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். சுருள் தானாக அடியில் அமரும். மெழுகு உச்சியில் தங்கிவிட்டால் சூடு அதிகம் என்று பொருள். விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, அடுத்த முறை வாட் குறைந்த பல்பைப் போட்டோ, அந்த வகை பல்புக்கு ஏற்ற, அதன் ஒளியையும் சூட்டையும் குறைக்கும் டிம்மரை இணைத்தோ ஓட்ட வேண்டும்.

பொறுமை இழந்து சூட்டை விரைவுபடுத்த முயல்வது உயிருக்கே ஆபத்தானது. 2004-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள கென்ட் நகரில், லாவா விளக்கின் குடுவையை அடுப்பின் மேல் வைத்துச் சூடாக்கிய இளைஞர் ஒருவர், குடுவை வெடித்துக் கண்ணாடிச் சில்லு நெஞ்சில் பாய்ந்து உயிரிழந்தார். அடுப்பு, மைக்ரோவேவ், கொதிநீர்த் தொட்டி ஆகியவற்றில் எதுவும் இதற்கு வேண்டாம். அதற்கென உள்ள பல்பைத் தவிர வேறு சூடு இந்தக் குடுவைக்கு ஆகாது.

எந்த நிலையில் திறக்கலாம்

பத்துச் சுற்றுகளுக்குப் பிறகும் திரவம் பாலாகவே இருந்தாலோ, உள்ளே செதில்கள் மிதந்தாலோ, பல ஆண்டுகளில் நீர் வற்றி அதன் மட்டம் கழுத்துக்குக் கீழே வெகுவாக இறங்கியிருந்தாலோ, குடுவை 1990-களுக்குப் பிற்பட்டது என்பது உறுதியாக இருந்தால் மட்டும், திறப்பதைப் பற்றி யோசிக்கலாம். அதற்கும் முன் ஒரு சோதனை உண்டு. விளக்கு முற்றிலும் குளிர்ந்திருக்கும்போதும் மெழுகு மேலேயே மிதந்தால், மெழுகில் கலந்திருந்த கனமான பொருள் காலப்போக்கில் வெளியேறி, மெழுகு நீரைவிட இலேசாகிவிட்டது என்று கொள்ளலாம். அதைச் சரிசெய்ய எரிசாராயம் போன்ற எளிதில் தீப்பற்றும் பொருட்களைத் திரவத்தில் கலக்கச் சிலர் முயல்வதுண்டு; சூடான பல்பின் மேல் அப்படிப்பட்ட குடுவையை வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அந்நிலையில் தயாரிப்பாளரிடம் மாற்றுக் குடுவை வாங்கிப் பழைய அடித்தளத்தில் வைப்பதே வழி. மேத்மாஸ் நிறுவனம் தன் விளக்குகளுக்குக் குடுவைகளையும் பல்புகளையும் தனியே விற்கிறது.

தேவையான பொருட்கள் எளியவை: கார் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் இரண்டு அல்லது மூன்று லிட்டர், பாத்திரம் கழுவும் நிறமற்ற திரவம், எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்), காபி வடிகட்டும் தாள், இங்க் ஃபில்லர் ஒன்று, ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு, ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி. குழாய் நீரைப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள உப்புகளே திரவத்தை மீண்டும் கலங்கச் செய்யும். டிஸ்டில்ட் வாட்டரையும் ஒருமுறை கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்துக்கொண்டால், கரைந்திருக்கும் காற்று நீங்கி, பின்னர் மெழுகின் மேல் குமிழிகள் ஒட்டாது.

திறத்தலும் நீர் மாற்றுதலும்

விளக்கை ஒருமுறை நன்றாக ஓடவிட்டு, பிறகு ஒரு முழு நாள் ஆறவிடுங்கள். மெழுகு அடியில் தட்டையாக இறுகியிருக்க வேண்டும். ஜன்னல்களைத் திறந்துவைத்து, குழந்தைகளை அந்த அறைக்கு வெளியே இருக்கச் சொல்லுங்கள். தலைமூடியை எடுத்ததும், பல குடுவைகளில் சோடா பாட்டிலில் இருப்பது போன்ற தகர மூடி தெரியும். அதை ஒரே பக்கமாக நெம்பாமல், ஓப்பனரைச் சுற்றிச் சுற்றி வைத்துச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். கழுத்துக் கண்ணாடி சில்லு பெயர்ந்தால் பிறகு எந்த மூடியும் இறுக்கமாகப் பொருந்தாது.

செதில்கள் மட்டுமே குறை என்றால் பழைய திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். சுத்தமான கண்ணாடி ஜாடியின் வாயில் காபி வடிகட்டும் தாளை வைத்து, திரவத்தை மெதுவாக வடித்து, வடிந்ததையே திரும்ப ஊற்றுங்கள். தொழிற்சாலையில் அளந்து கலந்த திரவம் அது. அதற்கு இணையாக நாம் வீட்டில் கலந்துவிட முடியாது. நீர்மட்டம் குறைந்தது மட்டுமே சிக்கல் என்றால், டிஸ்டில்ட் வாட்டரைப் பழைய மட்டம் வரை விட்டால் போதும். கண்ணாடியில் பெரும்பாலும் அப்பழைய மட்டத்தின் கோடு தெரியும்.

திரவம் முற்றிலும் கெட்டுவிட்டிருந்தால்தான் புதிய நீர். பழையதை வடித்து மூடியுள்ள பாத்திரத்தில் சேமியுங்கள். அதைச் சமையலறைத் தொட்டியிலோ தோட்டத்து மண்ணிலோ ஊற்றக் கூடாது. நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். பிறகு டிஸ்டில்ட் வாட்டரைக் குடுவையின் உட்சுவர் வழியாக வழியவிட்டு, மெதுவாகச் சுழற்றி வடித்து, நுரை வராத வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். கடைசியாக, மூடிக்குக் கீழே இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நிரப்புங்கள். இடைவெளி இல்லாவிட்டால் சூட்டில் விரியும் திரவம் குடுவையை உடைத்துவிடும். தகர மூடியை இப்போது இறுக்காமல், வாயின் மேல் ஒரு சிறு தட்டை மட்டும் வைத்து விளக்கைப் போடுங்கள்.

மெழுகு உருகியதும் அது கண்ணாடியில் ஒட்டுவதையோ, அடியில் குவிமாடம் போலக் கிடப்பதையோ காண்பீர்கள். ஒட்டுவதற்குச் சோப்பு மருந்து, எழாமைக்கு உப்பு மருந்து. பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரே ஒரு சொட்டை ஒரு தேக்கரண்டி வெந்நீரில் கரைத்து, அதில் பாதியை இங்க் ஃபில்லரால் விட்டு, அரை மணி நேரம் காத்திருங்கள். சோப்பு மிகுந்தால் மெழுகு கடுகு கடுகாகச் சிதறும். அப்படியாகிவிட்டால் நீரை மீண்டும் முழுவதும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் பாதிச் சொட்டு.

உப்புக்கு, அரை டம்ளர் வெதுவெதுப்பான டிஸ்டில்ட் வாட்டரில் எப்சம் உப்பைக் கரையும் மட்டும் கரைத்து, தாளில் வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரைசலையும் வெதுவெதுப்பாகவே, 5 மில்லி அளவாகக் குடுவையில் சேர்த்து, ஒவ்வொரு முறைக்கும் இடையே அரை மணி நேரம் காத்திருந்து, சேர்த்த அளவைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உப்பு நீரை அடர்த்தியாக்குவதால், ஒரு கட்டத்தில் மெழுகு தூணாக நீண்டு, தலைப்பகுதி அறுந்து மேலே செல்லும். அந்த முதல் உருண்டை உச்சியைத் தொட்டதும் உப்புச் சேர்ப்பதை நிறுத்திவிட வேண்டும். அடுத்த இரண்டு மணி நேரத்தில் சூடு இன்னும் ஏறும், ஓட்டமும் தானே வேகம் பிடிக்கும். அளவு மீறி மெழுகு மேலேயே தங்கிவிட்டால், சிரிஞ்சால் 20 மில்லி திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே அளவு வெதுவெதுப்பான டிஸ்டில்ட் வாட்டரை விடுங்கள்.

நிறம் வேண்டுவோர் நீரில் கரையும் உணவு நிறத்தில் ஒரு சொட்டு மட்டும் சேர்க்கலாம்; அது வெயிலில் விரைவாக வெளுக்கும், சில வேளை மெழுகின் நிறத்தையும் மந்தமாக்கும். நிறமற்ற தெளிந்த நீரில் மெழுகின் நிறமே மிகத் தெளிவாகத் தெரியும் என்பதால் நான் அதைச் சேர்ப்பதில்லை.

மூன்று நாட்கள் தொடர்ந்து ஒழுங்காக ஓடிய பிறகு, விளக்கு முற்றிலும் ஆறியிருக்கும்போது குடுவையை மூட வேண்டும். நெம்பி எடுத்த பழைய தகர மூடி மீண்டும் இறுக்கமாக அமராது. வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கான கடைகளில் புதிய தகர மூடிகளும் அவற்றை அழுத்திப் பொருத்தும் கைக்கருவியும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. கழுத்தின் விட்டத்தை அளந்துகொண்டு போய் வாங்குங்கள். பொருத்தியதும் கழுத்தைச் சுற்றி உலர்ந்த தாளைக் கட்டி ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் தாள் உலர்ந்திருந்தால் அதை அவிழ்த்துவிட்டு, தலைமூடியைப் போட்டு, விளக்கை ஏற்றலாம்.